களஞ்சிய அறைக்கு ஒரு கடிதம்

நூதனசாலை ஒன்றுக்குச் சென்று திரும்புபவர் அங்குள்ள அனைத்தையும் பார்த்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். (தமிழகத்து வாசகர்கள் அருங்காட்சியகம் என்பார்கள். இலங்கையில் நூதனசாலை என்பதே பழகிய சொல்.) உண்மையில் அவர் பார்ப்பது மிகச் சிறிய பங்கையே. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையின் சேகரிப்பில் ஏறத்தாழ 80 இலட்சம் பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரே வேளையில் காட்சியில் இருப்பவை சுமார் 80,000. அதாவது நூற்றுக்கு ஒன்று. மீதி தொண்ணூற்றொன்பதும் களஞ்சிய அறைகளில், பெட்டிகளிலும் இழுப்பறைகளிலும் தட்டுகளிலும் கிடக்கின்றன. உலகின் பெரிய நூதனசாலைகள் பலவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

அந்தக் களஞ்சிய அறைகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டவை என்றே நம்மவரில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது சரியன்று. உரிய முறையில் எழுதிக் கேட்டால், பெரிய நூதனசாலைகள் பலவும் களஞ்சியப் பொருளை வெளியே எடுத்து, மேசைமீது வைத்து, அருகிருந்து ஆராய இடமளிக்கின்றன. பல்கலைக்கழகப் பேராசிரியராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த வசதி எப்படித் தோன்றியது, அதை எவ்வாறு பயன்படுத்துவது, நம்மவர் அதைப் பயன்படுத்தவேண்டிய அவசியம் என்ன என்பவற்றை வரலாற்று நோக்கில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனுமதிச் சீட்டுக் காலம்

நூதனசாலையைப் பார்ப்பதற்கு எழுதிக் கேட்கும் வழக்கம் புதியதன்று. நூதனசாலை என்ற நிறுவனத்தின் பிறப்போடு அதுவும் பிறந்தது. சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1753இல் காலமானபோது விட்டுச்சென்ற சுமார் 71,000 பொருள்களைக் கொண்டு, அதே ஆண்டில் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் பிரித்தானிய நூதனசாலை நிறுவப்பட்டது. 1759 ஜனவரி 15ஆம் திகதி அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எனினும் நினைத்தவுடன் உள்ளே நுழைந்துவிட முடியாது. பார்க்க விரும்புபவர் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அதிகாரிகள் சம்மதித்தால் அனுமதிச் சீட்டுக் கிடைக்கும். பின்னர் சிறு குழுக்களாக, அலுவலர் ஒருவரின் வழிகாட்டலில் சுற்றிவர வேண்டும்.

அக்காலத்தில் காட்சி அறை, களஞ்சிய அறை என்ற பிரிவினை இருக்கவில்லை. இருந்தவை எல்லாம் அலுமாரிகளில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரரசு விரிந்தது. கப்பல் கப்பலாகப் பொருள்கள் வந்து குவிந்தன. பார்வையாளரின் கூட்டமும் பெருகியது. ஆயிரக்கணக்கான பறவைத் தோல்களையும் சிப்பிகளையும் வரிசையாக வைத்தால் சாதாரண மனிதன் சலிப்படைகிறான். சிலவற்றை மட்டும் வைத்தால் ஆராய்ச்சியாளன் ஏமாற்றமடைகிறான். இந்தச் சிக்கலுக்கு விடை சொன்னவர்களில் முதன்மையானவர் பிரித்தானிய நூதனசாலையின் விலங்கியற் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் எட்வேட் கிறே. 1864இல் பாத் நகரில் நிகழ்த்திய உரையொன்றில், பொதுமக்களுக்கெனத் தேர்ந்தெடுத்த சில பொருள்கள், கற்போருக்கென முழுமையான சேகரிப்பு என இரண்டாகப் பிரிக்கவேண்டும் என அவர் வாதிட்டார். 1884இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையின் பணிப்பாளரான வில்லியம் ஹென்றி பிளவர் இக்கொள்கையை மேலும் வளர்த்தார். இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள ஏற்பாடு இதுவே.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. களஞ்சியம் என்பது வேண்டாத பொருளைப் போட்டுவைக்கும் கொட்டில் அன்று. அது கற்பவருக்காக ஒதுக்கப்பட்ட பகுதி. காட்சி அறை பார்வையாளனுக்கு உரியதென்றால், களஞ்சிய அறை மாணவனுக்கு உரியது. இந்தப் பங்கீட்டை வாக்குறுதியாகத் தந்தே நூதனசாலைகள் தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பொதுமக்களின் பார்வையிலிருந்து அகற்றின. ஆகவே களஞ்சியத்தைப் பார்க்கக் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கொடுக்கப்பட்ட வாக்கைத்தான் நினைவூட்டுகிறார்.

தாரா காத்திருந்த முப்பது ஆண்டுகள்

இந்த ஏற்பாட்டின் நன்மை தீமை இரண்டையும் எடுத்துக்காட்ட இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து போன ஒரு சிலையே போதும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தாரா சிலை அது. வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசப்பட்டது. உயரம் 143 சென்ரிமீற்றர். ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே வெற்றிடமின்றி முழுத் திண்மமாக வார்க்கப்பட்டிருப்பதால், இவ்வளவு பெரிய உருவை வார்த்த கலைஞரின் தொழில்நுட்பம் இன்றும் வியப்பூட்டுகிறது. மகாயான பௌத்தத்தின் பெண் தெய்வமான தாராவின் வலக்கை வரமளிக்கும் முத்திரையில் தாழ்ந்திருக்கிறது. சடாமகுடத்தில் பதித்திருந்த கற்கள் இன்று இல்லை. தேரவாத பௌத்தமே இலங்கையின் பௌத்தம் என்று பாடநூல்களில் படித்து வளர்ந்தவர்களுக்கு, மகாயானமும் இம்மண்ணில் செழித்திருந்தது என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று.

1812 முதல் 1820 வரை தேசாதிபதியாக இருந்தவரும், 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடியின்கீழ்க் கொண்டுவந்தவருமான சேர் றொபேட் பிறவுண்றிக்கின் கைக்கு இச்சிலை சென்றது. 1830இல் அது பிரித்தானிய நூதனசாலையை அடைந்தது. ஆனால் அங்கே அதைப் பொதுமக்களுக்குக் காட்டவில்லை. மெல்லிய ஆடை இடைக்குக் கீழே மட்டும் படிந்திருக்க, மேலுடல் திறந்திருக்கும் பெண் உருவம் அக்கால ஆங்கிலேயரின் கண்ணுக்கு வழிபாட்டுப் பொருளாகத் தெரியவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது களஞ்சியத்தில் வைக்கப்பட்டு, துறைசார்ந்த அறிஞர்களுக்கு மட்டும் காட்டப்பட்டது.

அதே சிலை இன்று அந்த நூதனசாலையின் பெருமைகளில் ஒன்று. 2010இல் பி.பி.சி. வானொலியில் நூறு பொருள்களின் வழியாக உலக வரலாற்றைச் சொன்ன நீல் மக்கிறெகரின் புகழ்பெற்ற தொடரிலும் தாரா இடம்பெற்றாள். சிலை மாறவில்லை. பார்ப்பவர் மாறினர். ஒரு பொருள் களஞ்சியத்தில் இருப்பதால் அது தாழ்ந்ததென்று கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. காட்சியில் எதை வைப்பது, எதை மறைப்பது என்பதை அந்தந்தக் காலத்தின் மனப்பாங்கே தீர்மானிக்கிறது.

இலக்கமே திறவுகோல்

களஞ்சியப் பொருளைப் பார்க்க விரும்புபவர் முதலில் அறிந்துகொள்ளவேண்டியது பதிவிலக்கம் என்பதை. தாரா சிலையின் பதிவிலக்கம் 1830,0612.4. முதலில் உள்ளது நூதனசாலை பொருளைப் பெற்ற ஆண்டு. அடுத்த நான்கு இலக்கங்கள் மாதமும் திகதியும். இறுதியிலுள்ளது அன்றைய பதிவில் அப்பொருளின் வரிசை எண். 1830ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் திகதிப் பதிவில் நான்காவது பொருள் என்று பொருள்படும். நூதனசாலைக்கு நூதனசாலை இலக்கமிடும் முறை வேறுபடும். ஆனால் எந்த நூதனசாலையிலும் பொருளுக்கு உண்மையான பெயர் அதன் இலக்கமே. "உங்களிடமுள்ள இலங்கைப் பொருள்களைப் பார்க்கவேண்டும்" என்று எழுதினால் பதில் தாமதமாகும், அல்லது வராது. "இன்ன இலக்கமுடைய மூன்று பொருள்களைப் பார்க்கவேண்டும்" என்று எழுதினால் காப்பாளருக்கு வேலை எளிது.

இந்த இலக்கங்களைக் கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாலான பெரிய நூதனசாலைகளின் சேகரிப்புப் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே தேடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'தமிழ்' என்று தேடிக் கிடைப்பது கொஞ்சமே. பதிவேடுகளை எழுதியவர்கள் தம் காலத்துச் சொற்களையே பயன்படுத்தினார்கள். ஒல்லாந்தரும் ஆரம்பகால ஆங்கிலேயரும் இலங்கைத் தமிழரையும் அவர்தம் மொழியையும் 'மலபார்' என்றே குறித்தனர். ஆகவே தமிழ் ஏடொன்று மலபார் ஏடு என்ற பெயரில் இருக்கக்கூடும். யாழ்ப்பாணம் 'ஜப்னபட்டம்' ஆகியிருக்கும். இலங்கை என்பது எப்போதும் 'சிலோன்'. சில வேளைகளில் அதுவும் இன்றி வெறுமனே 'இந்தியா' அல்லது 'கீழைத்தேயம்' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். நன்கொடையாளரின் பெயரால் தேடுவது மற்றொரு வழி. இலங்கையில் பணிபுரிந்த தேசாதிபதிகள், அரசாங்க அதிபர்கள், நீதவான்கள், பாதிரிமார், தோட்டத்துரைமார் ஆகியோரின் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் எதிர்பாராத பொருள்கள் வெளிவரும்.

உதாரணத்துக்கு ஹியூ நெவில். இலங்கை சிவில் சேவையில் இருந்த இவர் இந்நாட்டு இயற்கையையும் மொழிகளையும் வழக்காறுகளையும் பற்றி 'தப்ரோபேனியன்' என்ற சஞ்சிகையை 1885 முதல் நடத்தியவர். தம் சேவைக்காலத்தில் இவர் சேர்த்த ஏட்டுச்சுவடிகள் 2,227. 1897இல் அவர் இறந்த பின்னர், 1904இல் அவை பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்றன. இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சிங்கள, பாளிச் சுவடிகள். அவற்றுக்கு கே. டி. சோமதாச ஏழு தொகுதிகளில் விரிவான விளக்கப்பட்டியல் தயாரித்து வெளியிட்டார். ஒரு மனிதர் தமது வாழ்நாளின் பல ஆண்டுகளை அதற்காகச் செலவிட்டார். தமிழ்ச் சுவடிகளுக்கும் அத்தகைய ஒருவர் வாய்க்கவேண்டும்.

எப்படிக் கேட்பது?

கடிதமோ மின்னஞ்சலோ, அதில் இருக்கவேண்டியவை ஐந்து. நீங்கள் யார், எந்தப் பொருள்கள் வேண்டும், எதற்காக வேண்டும், அவற்றைக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் (அளவெடுத்தல், வரைதல், படமெடுத்தல், எழுத்துகளைப் படித்தல்), எந்த நாள்களில் வர இயலும். பல்கலைக்கழகத் தொடர்பு இருந்தால் குறிப்பிடலாம். இல்லையெனில் உள்ளதைச் சொன்னாற் போதும். கோயில் வரலாறு எழுதுபவர், நாணயம் சேர்ப்பவர், தம் ஊரைப் பற்றி நூல் தொகுப்பவர், தங்க வேலை செய்யும் பத்தர் என எவரும் காரணத்தோடு கேட்கலாம். பல வாரங்கள் முன்னதாகவே கேட்பது நல்லது. பொருள் வேறொரு நகரிலுள்ள களஞ்சியத்தில் இருக்கலாம். பேணுநர் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். கடனாக வேறு நாட்டுக்குச் சென்றிருக்கவும் கூடும். இவற்றை உறுதிசெய்துகொள்ளாமல் விமானச் சீட்டு வாங்குவது புத்திசாலித்தனமன்று.

மூன்று பொருள்கள் போதும் என்ற இடத்தில் முப்பது கேட்கக்கூடாது. ஒரு பொருளை ஒழுங்காகப் பார்க்க ஒரு மணித்தியாலம் ஆகும். படத்தில் தெரியாதவற்றைப் பார்ப்பதற்காகத்தான் நேரில் போகிறோம். பொருளின் பின்புறம், அடிப்புறம், பீடத்தின் உட்பக்கம், உளியின் தடம், பிற்காலத்தில் ஒட்டவைத்த அடையாளம், பழைய சேகரிப்பாளரின் கையெழுத்தில் உள்ள சிறு துண்டுக் காகிதம் ஆகியனவே பெரும்பாலும் புதிய செய்தியைத் தருகின்றன.

ஆய்வறையில் சில கட்டுப்பாடுகள் பொதுவானவை. பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும். தண்ணீர்ப் போத்தலும் பையும் வெளியே. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றப்படவேண்டும். உலோகப் பொருள்களைத் தொடுவதானால் கையுறை தருவார்கள். விரலின் வியர்வை வெண்கலத்தில் கறையாகும் என்பதே காரணம். காகிதம், ஓலை போன்றவற்றுக்குச் சுத்தமான, உலர்ந்த வெறுங்கையே நல்லது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. கையுறையின் தடிப்பால் ஓலை முறியும். பழைய தோல், துணி, இறகு, மரப் பொருள்களில் பூச்சிக்கு அஞ்சி ஒரு காலத்தில் ஆசனிக்கு முதலிய நஞ்சுகளைப் பூசியிருப்பார்கள். அலுவலர் தொடவேண்டாம் என்றால் அது பார்ப்பவரின் நன்மைக்காகவும்தான்.

பெரும்பாலும் சொந்த ஆய்வுக்குப் படமெடுக்க அனுமதிப்பார்கள். அச்சில் வெளியிடுவதற்குத் தனி அனுமதி தேவை. போய்வந்த பின்னர் கண்டறிந்தவற்றை எழுதிக் காப்பாளருக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும். அப்பொருளின் கோவையில் அது சேர்க்கப்படலாம். அடுத்த தலைமுறையில் அதே பொருளைக் கேட்பவருக்கு உங்கள் குறிப்பும் கிடைக்கும். சில மணித்தியால வேலை நூறு ஆண்டுகள் நிற்பதற்கு இது எளிய வழி.

தெரிந்தவர் கண்

"நூதனசாலைகளில் படித்த நிபுணர்கள் இருக்கிறார்களே, நம்மவர் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்பவர் உண்டு. வரலாறு அதற்கு விடை தருகிறது.

காலியில் 1911இல் பொறியியலாளர் ஒருவரால் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு, சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு தொடர்புடையது. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்ட அக்கல் கண்டெடுக்கப்பட்ட வேளையில் வடிகாலொன்றின் மூடியாகக் கிடந்தது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனப் பகுதியை மட்டும் படித்தவர் அது புத்தருக்குச் செய்த காணிக்கை என்பார். தமிழ்ப் பகுதியோ தெனவரை நாயனார் என்ற தேவேந்திரமுனையின் தெய்வத்துக்குச் செய்த காணிக்கையைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் வழிபாட்டைச் சார்ந்தது. பொன்னும் வெள்ளியும் பட்டுமாகக் காணிக்கைகளின் விபரம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்க, தெய்வங்கள் மூன்றாக வேறுபடுகின்றன. மூன்று மொழிகளையும் படிக்க ஆள் கிடைத்ததனால்தான் இலங்கையின் பதினைந்தாம் நூற்றாண்டுக் கடல் வாணிபச் சமூகத்தின் உண்மைத் தோற்றம் நமக்குக் கிடைத்தது. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான 1933இல் பதிப்பித்தார்.

மற்றோர் எடுத்துக்காட்டு பொலன்னறுவை வெண்கலங்கள். 1908ஆம் ஆண்டளவில் எச். சி. பி. பெல் தலைமையிலான அகழ்வில் சிவன் கோயிலொன்றின் சூழலில் நடராசர், உமை, நாயன்மார் முதலிய திருவுருவங்கள் வெளிவந்தன. அவை கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. தொல்பொருள் அதிகாரிகளுக்கு அவை கிடைத்த இடமும் ஆழமும் தெரிந்திருந்தன. ஆனால் அந்த உருவங்களின் பொருளைச் சைவ மரபின் உள்ளிருந்து எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அவருடைய தாய்மாமன் மகனான ஆனந்த குமாரசுவாமி, கொழும்பு நூதனசாலையிலிருந்த வெண்கலங்களைப் பற்றிய நூலை 1914இல் அந்நூதனசாலையின் வெளியீடாகவே கொண்டுவந்தார். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் 1877இல், குமாரசுவாமி பிறந்ததும் 1877இல் என்பது பொருத்தமான தற்செயல். 1917 முதல் 1947இல் மறையும்வரை பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் பணிபுரிந்த குமாரசுவாமியின் எழுத்துகளுக்கு அடித்தளம், பொருளை நேரில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்தான்.

கேட்பாரற்ற பொருள்

2023 ஓகஸ்ட் மாதத்தில் பிரித்தானிய நூதனசாலை ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டது. களஞ்சியத்திலிருந்த சுமார் 2,000 பொருள்கள் காணாமற் போயோ, திருடப்பட்டோ, சேதமாக்கப்பட்டோ இருக்கின்றன என்பதே அது. பெரும்பாலானவை கிரேக்க, ரோமப் பிரிவைச் சேர்ந்த செதுக்கிய மணிக்கற்களும் நகைகளும். இணையச் சந்தையில் அவற்றுட் சில விற்பனைக்கு வந்ததைக் கவனித்த டென்மார்க் பழம்பொருள் வணிகர் ஒருவர் 2021ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார். அப்போது அது அலட்சியப்படுத்தப்பட்டது. செய்தி வெளியானதும் பணிப்பாளர் பதவி விலகினார். 2024 மே மாதமளவில் 600க்கு மேற்பட்ட பொருள்கள் மீட்கப்பட்டன.

இத்திருட்டு நீண்டகாலம் வெளித்தெரியாமல் இருந்ததற்குக் காரணம் எளிது. அப்பொருள்களுட் பல முறையாகப் பட்டியலிடப்படவில்லை, படமெடுக்கப்படவில்லை, எவரும் பார்க்கக் கேட்டதுமில்லை. காணாமற் போனதை யாரும் கவனிக்காதிருக்க இவையே போதும். 2023 ஒக்டோபரில் நூதனசாலை முழுச் சேகரிப்பையும் ஐந்தாண்டுகளில் இணையத்தில் பதிவேற்றும் திட்டத்தை அறிவித்தது. ஆய்வறைகளில் பொருள்களைப் பார்க்கும் வாய்ப்பை விரிவுபடுத்துவதாகவும் சொன்னது. திருட்டுக்கு எதிரான காவலாகப் பார்வையாளரை அது கருதத் தொடங்கியதையே இது காட்டுகிறது. கொழும்பு தேசிய நூதனசாலையிலும் 2012 மார்ச்சில் திருட்டு நடந்தது. நாடு எதுவானாலும் பாடம் ஒன்றுதான்.

இணையப் பதிவு மட்டும் போதாது என்பதையும் அதே ஆண்டு உணர்த்தியது. 2023 ஒக்டோபர் இறுதியில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் பட்டியலே பல வாரங்கள் இயங்காமற் போனது. இலக்கமுறைப் பிரதிகளையும் மக்கள் பார்க்க முடியவில்லை. ஓலையும் வேண்டும், அதன் படமும் வேண்டும், இரண்டையும் அறிந்த மனிதரும் வேண்டும்.

நமக்கு இது புதிய பாடமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. நூல்களிற் பலவற்றை மீண்டும் வாங்கலாம். பிரதியே இல்லாத ஓலைச்சுவடியை எங்கே வாங்குவது? அவற்றை முன்னரே சென்று பார்த்துப் படியெடுத்து வைத்தவர்கள் இருந்த அளவுக்குத்தான் அவை பிழைத்தன.

திருப்பிக் கேட்பதற்கும் முதலில் பார்க்கவேண்டும்

இவ்விடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். நம்முடைய பொருளைப் பார்ப்பதற்கு நாமே பிறரிடம் விண்ணப்பிப்பதா? அது அவர்களின் உரிமையை ஒப்புக்கொள்வதாகாதா?

இதற்கான விடையை இலங்கையின் அனுபவத்திலிருந்தே சொல்லலாம். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த கலாநிதி பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாட்டு நூதனசாலைகளிலும் நூலகங்களிலும் உள்ள இலங்கைப் பொருள்களைத் தொகுத்து 1975இல் பெரும் பட்டியல் நூலொன்றை வெளியிட்டார். எது எங்கே இருக்கிறது, எந்த இலக்கத்தில் இருக்கிறது, எவரால் கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் ஒன்று திரட்டிய உழைப்பு அது. பின்னாளில் திருப்பிக் கேட்கும் பேச்சு எழுந்தபோதெல்லாம் அந்நூல் கைவிளக்காயிற்று.

2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு பொருள்களை இலங்கையிடம் கையளித்தது. அவற்றுள் புகழ்பெற்றது லெவ்கே பீரங்கி. 1765இல் ஒல்லாந்தக் கம்பனியின் படைகள் கண்டியைச் சூறையாடியபோது எடுத்துச் செல்லப்பட்டு, அம்ஸ்ரர்டாமின் றைக்ஸ் நூதனசாலையில் இருந்தது. அது திரும்பி வந்ததற்குப் பின்னால், 2019 முதல் 2022 வரை நெதர்லாந்து அறிஞரும் இலங்கை அறிஞரும் சேர்ந்து நடத்திய மூலவரலாற்று ஆய்வு இருக்கிறது. பொருளின் மீதுள்ள எழுத்தும் சின்னமும், பதிவேட்டுக் குறிப்பும், கம்பனி ஆவணமும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. கோஷத்தால் மட்டும் பீரங்கி வரவில்லை. இலக்கமும் திகதியும் சான்றும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தன.

கேட்காததனால் போன பொருளுக்கும் உதாரணம் உண்டு. வல்லிபுரத்தில் கண்டெடுக்கப்பட்டு யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் வைக்கப்பட்டிருந்த புத்தர் சிலையை 1906இல் தேசாதிபதி ஹென்றி பிளேக் சீயம் நாட்டு மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். வடபுலத்தின் தொன்மைக்குச் சான்றான ஒரு பொருள் பேசுவார் இன்றிக் கப்பலேறியது.

உள்நாட்டுக் களஞ்சியங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். கொழும்பிலுள்ளவற்றுக்குத் தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்கும், நாவலர் வீதியிலுள்ள யாழ்ப்பாண நூதனசாலை போன்றவற்றுக்குத் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுதவேண்டும். எழுத்தில் கேட்கவேண்டும், பிரதியை வைத்துக்கொள்ளவேண்டும், பதில் வராவிட்டால் மீண்டும் எழுதவேண்டும். கோவையில் நம் கடிதம் இருப்பதே ஒரு பதிவு.

கதவு அகலத் திறக்கும் காலம்

களஞ்சியத்தைத் திறந்து காட்டும் போக்கு இப்போது வலுப்பெற்று வருகிறது. வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியல் நூதனசாலை 1976லேயே தன் சேகரிப்பின் பெரும்பகுதியைக் கண்ணாடிக்குள் எல்லோரும் பார்க்க வைத்தது. றொட்டர்டாமில் 2021இல் களஞ்சியக் கட்டடம் ஒன்றே முழுமையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2025 மே 31ஆம் திகதி கிழக்கு இலண்டனில், விக்ரோறியா அன்ட் அல்பேட் நூதனசாலை 250,000க்கு மேற்பட்ட பொருள்களைக் கொண்ட தன் களஞ்சியத்தைத் திறந்தது. அங்கே எவரும் காரணம்கூடச் சொல்லாமல், இரண்டு வாரம் முன்னதாக, ஐந்து பொருள்கள் வரை தெரிவுசெய்து இலவசமாகப் பார்க்கப் பதிவுசெய்யலாம் என்ற ஏற்பாட்டுடன் அது தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பனியின் இந்திய நூதனசாலையிலிருந்து 1879இல் வந்துசேர்ந்த பெருந்தொகைப் பொருள்கள் இந்நூதனசாலைக்குச் சொந்தம். தமிழர் செறிந்து வாழும் ஈஸ்ற்ஹாமிலிருந்து அக்களஞ்சியம் அதிக தூரத்தில் இல்லை.

இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம் பிள்ளைகள் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் பண்டைத் தமிழரின் பெருமையைப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களுள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு, இலக்கம் குறித்து எழுதிக் கேட்டு, ஓர் ஏட்டின்முன் அல்லது ஒரு செப்புப் படிமத்தின்முன் உட்காரவைத்தால், அந்தப் பெருமைக்கு ஓர் உருவமும் எடையும் கிடைக்கும். எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, அந்த மேசையைச் சுற்றி நிற்கும் அலுவலர்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கும். பதிவேட்டில் 'மலபார்' என்று எழுதியிருப்பதற்கு எதிரே 'தமிழ்' என்று திருத்தி எழுதச் சொல்லும் தகுதி அந்தப் பிள்ளைக்கு உண்டு.

அதற்கு வேண்டியது பெரும் பணமோ செல்வாக்கோ அல்ல. பொருளின் இலக்கம், ஒரு நல்ல காரணம், தெளிவாக எழுதிய ஒரு கடிதம், பதில் வரும்வரை காத்திருக்கும் பொறுமை ஆகியனவே.